தண்ணீரில் பார்க்காத பாட்டு

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் சிறியவர்களே, தூக்கம் வருகிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வெண்மணற்பட்டினம் என்று ஒரு பட்டினம் இருந்தது. அதை ஆண்ட அரசனுக்கு மூன்று ஆசைகள். மரக்கலங்கள் நிறைய வர வேண்டும். பிள்ளைகள் நிறையப் படிக்க வேண்டும். இந்த இரண்டிலும் தன்னை யாரும் குறை சொல்லக் கூடாது. முதல் இரண்டும் நல்ல ஆசைகள்தான். மூன்றாவதுதான் வினையாகப் போயிற்று.

அந்தப் பட்டினத்துக்குள் கலம் வருவது லேசான காரியம் இல்லை. ஆற்றின் வாயில் தண்ணீருக்கு அடியில் மணல் மேடுகள் கிடந்தன. எங்கே நேராக வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்த மாலுமி ஒருவன் முன்னால் நின்று வழி சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க அரசன் ஒரு துறைப்பள்ளி வைத்திருந்தான். அங்கே பாடம் ஒன்றே ஒன்று, துறைப்பாட்டு. வழி முழுவதையும் பாட்டாகக் கட்டி ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். மூலச் சுவடி அரண்மனைப் பேழையில் இருந்தது. அதைப் பார்த்து எழுதிய படிகள் பள்ளியில் இருந்தன.

பள்ளியின் சுவடி நல்ல சுவடியா, அங்கே படித்த பிள்ளை தேறின பிள்ளையா என்று வருடத்துக்கு ஒரு முறை ஆராய்ந்து சொல்ல அரசன் ஓர் ஆய்வாளரை வைத்திருந்தான். அவர் பெயர் ஆதனார்.

ஆதனார் சுவடியை எப்படிச் சோதிப்பார் தெரியுமா? ஓலையைச் செல் அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். மூலச் சுவடியிலிருந்து ஒரு சொல்லாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றும் சரியாக இருந்தால் கட்டின் மேல் அரக்கு முத்திரை வைப்பார். முத்திரை விழுந்தால்தான் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து பள்ளிக்கு நெல் வரும்.

பிள்ளைகளைச் சோதிப்பதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. சுவடிக் கட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிவப்புக் கயிற்றைப் போடுவார். கயிறு எந்த ஓலையில் விழுகிறதோ, அங்கிருந்து பிள்ளை பாட வேண்டும். தடுமாறக் கூடாது, திக்கக் கூடாது, ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. தேறினவன் மணிக்கட்டில் அந்தக் கயிற்றைக் கட்டிவிடுவார். கயிறு கட்டியவன்தான் பெரிய கலங்களுக்கு வழி சொல்லலாம்.

ஆதனார் நேர்மையானவர். பள்ளி ஆசான் கொடுத்த வெற்றிலையைக்கூட வாங்க மாட்டார். மந்திரியின் மருமகன் பாட்டில் ஒரு சொல்லை விழுங்கினான் என்பதற்காக, அவனை அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர். ஆனால் ஓலையில் சொன்னது தண்ணீரில் இருக்கிறதா என்று மட்டும் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவருக்கே தோன்றவும் இல்லை.

பாட்டிலே ஓர் இடம் வரும். "சங்குப்பாறை வலப்பக்கம் வரும்வரை நேரே போ, பாறை வந்ததும் இடப்பக்கம் திரும்பு" என்று வரும். பாட்டைக் கட்டியவர் காலத்தில் அது சத்தியமான வார்த்தை. அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் வந்து போய்விட்டது. ஆறு வண்டி வண்டியாக மணலைக் கொண்டுவந்து பாறைக்கு முன்னால் கொட்டிவிட்டது. மீன்பிடிக்கிற தோணி அதன் மேல் மிதந்து போய்விடும். பாரம் ஏற்றிய கலம் போக முடியாது. பாறைக்கு வெகு முன்னாலேயே, கரையில் பனந்தோப்பு தெரிகிற இடத்தில் திரும்பிவிட வேண்டும்.

இது துறையில் எல்லாருக்கும் தெரியும். பள்ளி ஆசான் குழையனாருக்குத் தெரியும். கயிறு கட்டிய மாலுமிகளுக்குத் தெரியும். வருகிற கலத்திலெல்லாம் ஏறிச் சுக்கான் பிடிக்கிற திரையனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. சுவடியில் ஒரு சொல்லை மாற்றினால் முத்திரை போய்விடும், முத்திரை போனால் நெல் போய்விடும். பாட்டு தப்பு என்று சொன்னால் அரசனைக் குறை சொன்னதாக ஆகிவிடும். யார் போய்ப் பூனைக்கு மணி கட்டுவது?

அதனால் அவர்களாகவே ஒரு வழி செய்துகொண்டார்கள். மாலுமி முன்னால் நின்று பாட்டைக் கணீரென்று பாடுவான். திரையன் பின்னால் நின்று பனந்தோப்பிலேயே சுக்கானைத் திருப்பிவிடுவார். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும், கலம் பத்திரமாகக் கரைக்கு வந்துவிடும். கரையில் நிற்கிற ஆதனார், கலம் எங்கே திரும்பியது என்று பார்க்காமல், பாட்டை மட்டும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பள்ளிக்கு நல்ல பெயர், பாட்டுக்கு நல்ல பெயர், ஆய்வாளருக்கும் நல்ல பெயர்.

ஆதனாருக்கு ஒரே மகன். கீரன் என்று பெயர். தாய் நல்லினிக்கு அவன்தான் உயிர். கீரன் துறைப்பள்ளியில் படித்தான். மற்றப் பிள்ளைகளுக்கு மாலுமிகள் அந்த ரகசியத்தைக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆய்வாளர் மகனிடம் யார் சொல்வார்கள்? சாயங்காலம் அவன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆவது? அவன் வந்தால் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் பிள்ளைக்குக் கண் இருந்ததே. பழகுவதற்காகக் கலத்தில் ஏறிப் போனவன், திரையன் கையைப் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"அப்பா, பாட்டுல பாறை வந்தப்புறம்தான் திரும்பணும்னு இருக்கு. திரையன் மாமா பனந்தோப்புகிட்டயே திருப்பிட்டாரே?"

ஆதனார் சிரித்தார். "வயசாயிடுச்சுப்பா அவருக்கு. பாட்டு மறந்திருக்கும். நீ மறக்காம இரு."

அதுதான் முதல் முறை.

கொஞ்ச நாள் கழித்து, கீரன் ஒரு மீன்தோணியில் போய்ப் பாறைக்கு முன்னால் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தான். கழி சடக்கென்று மணலில் நின்றது. நனைந்த கழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அப்பா, அங்க ஆழமே இல்லப்பா. இதோ பாருங்க, ஈரம் இவ்வளவுதான் ஏறியிருக்கு."

ஆதனாருக்குக் கோபம் வந்தது. "பாட்டைச் சோதிக்க நீ யாருடா? பெரியவங்க கட்டின பாட்டு அது. வருஷா வருஷம் நான் முத்திரை வெச்ச பாட்டு. மூங்கில் கழியை எடுத்துட்டு அதுக்குக் குத்தம் பார்க்க வந்துட்டியா?"

பிள்ளை கழியைக் கொல்லையில் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அதுதான் இரண்டாம் முறை. நல்லினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை கேட்டது, தேர்வு அன்று காலையில். குளித்து, நெற்றியில் நீறு பூசி, அப்பாவின் காலில் விழுந்து எழுந்தவன் அங்கேயே நின்றான்.

"அப்பா, கயிறு அந்த ஓலையில விழுந்தா நான் எதைச் சொல்லட்டும்? பாட்டுல இருக்கறதையா, தண்ணியில இருக்கறதையா?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மகன் தோளில் கை வைத்தார். "பாட்டுல இருக்கறதைச் சொல்லுப்பா. இன்னிக்குச் சொல்றதை நாளைக்குக் கலத்துல நின்னும் செய். நான் உன்னைப் பெத்தவன், உனக்குக் கெடுதல் சொல்லுவேனா?"

சொல்ல மாட்டார் என்றுதான் அந்தப் பிள்ளையும் நம்பினான். கேட்கிற உங்களுக்கு மனசு பதறுகிறது அல்லவா? எனக்கும் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பதறுகிறது.

தன் மகன் என்பதால் ஆதனார் சலுகை காட்டவில்லை. மற்றவர்களுக்குக் கயிற்றை ஒரு முறை போட்டவர், கீரனுக்கு மூன்று முறை போட்டார். முதல் முறை காற்றுப் பருவத்தைச் சொல்லும் ஓலையில் விழுந்தது. கீரன் பாடினான். இரண்டாம் முறை விண்மீன்களைச் சொல்லும் ஓலையில் விழுந்தது. கீரன் பாடினான். மூன்றாம் முறை ஆற்றுவாயைச் சொல்லும் ஓலையில் விழுந்தது. கீரன் ஒரு மூச்சு நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாடினான். சங்குப்பாறை வலப்பக்கம் வரும்வரை நேரே போ என்று ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தான்.

ஆதனார் பெருமையோடு கயிற்றைக் கட்டினார். அரசனும் மகிழ்ந்தான். அந்தப் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை தேறினதே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். குழையனார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சுவடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதக் காற்றில், தீவிலிருந்து ஒரு பெரிய கலம் வந்தது. பிழைப்புக்குப் போயிருந்த பட்டினத்து ஆட்கள் பெண்டு பிள்ளைகளோடு அதில் திரும்பிவந்தார்கள். அவர்களை அழைத்துப் போகச் சொந்தக்காரர்கள் கரையெல்லாம் நின்றார்கள். கலத்துக்கு வழி சொல்லக் கீரனை அனுப்பினார்கள். ஆதனாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கரைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

கலம் வந்தது. பாட்டு காற்றில் மிதந்து வந்தது. பனந்தோப்பு தெரியும் இடத்தில் கலம் லேசாகத் தடுமாறியது. முன்னால் நின்ற கீரன் திரும்பிக் கரையைப் பார்ப்பது ஆதனாருக்குத் தெரிந்தது. பிள்ளை ஆசீர்வாதம் கேட்கிறான் என்று நினைத்தார். கையை உயர்த்தினார்.

கலம் நேரே போயிற்று. பாறைக்கு முன்னால் மணலில் ஏறியது. பின்னால் வந்த அலை அதைப் புரட்டியது. அதற்குப் பின்னால் வந்த அலை உடைத்தது. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே எல்லாம் நடந்தது. தோணிக்காரர்கள் போய் எடுத்துவந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கீரனை மறுநாள் பனந்தோப்புப் பக்கம் அலை கொண்டுவந்து போட்டது.

கலம் உடைந்தால் யார் பிழை என்று ஆய்வாளர் சொல்ல வேண்டும், பிழை செய்தவன் உயிரோடு இருந்தால் அவன் தலை போகும். இது பட்டினத்துச் சட்டம். மகனின் காரியம் முடிந்த கையோடு ஆதனாரைச் சபைக்கு அழைத்தார்கள். உயிர் தப்பிய திரையனை நடுவில் நிறுத்தினார்கள்.

திரையன் அழுதுகொண்டே சொன்னார். "பனந்தோப்புகிட்ட நான் வழக்கம்போல சுக்கானைத் திருப்பப் போனேன் சாமி. 'இன்னும் இல்ல மாமா, பாறை வரட்டும்'னு தம்பி சொல்லுச்சு. தண்ணி நிறம் மாறுது பாரு தம்பின்னேன். அதுவும் பார்த்துச்சு. பார்த்துட்டுக் கரையில நின்ன இவங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. இவங்க கையைத் தூக்கினாங்க. 'அப்பா போகச் சொல்றாரு, நேரே விடுங்க மாமா'ன்னுச்சு. ஆய்வாளரே கையைத் தூக்கினப்புறம் பாட்டை மீற எனக்குத் தைரியம் வரல. விட்டுட்டேன்."

ஆதனார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

மந்திரி அவரைத் தனியே அழைத்துப் போனார். "பெரியவரே, நடந்தது நடந்துபோச்சு. கடல் சீற்றம்னு சொல்லிடுங்க, எல்லாருக்கும் நல்லது" என்றார். "அன்னிக்குக் கடல் சீறல" என்றார் ஆதனார். "அப்படின்னா திரையன் பிசகிட்டான்னு சொல்லுங்க." "திரையன் பிசகல. பிசகியிருந்தா பிள்ளைங்க பொழைச்சிருக்கும்." மந்திரி குரலைத் தாழ்த்தினார். "உங்க மகன் சின்னப் பையன், பதறிப்போய்ப் பாட்டை மறந்துட்டான்னு சொல்லிடுங்க. செத்தவனுக்கு இனிமே என்ன தண்டனை? பாட்டும் பிழைக்கும், உங்க முத்திரையும் பிழைக்கும், அரசர் பேரும் பிழைக்கும்."

ஆதனார் சபைக்குத் திரும்பினார். அந்தக் கொஞ்ச தூரத்தை நடப்பதற்குள் அவர் கிழவராகிவிட்டார்.

"அரசே, பாட்டில் ஒரு சொல்லையும் என் மகன் மறக்கவில்லை" என்றார். "பாட்டுதான் தண்ணீரை மறந்துவிட்டது. அங்கே மணல் ஏறியிருக்கிறது என்று அவன் என்னிடம் வந்து சொன்னான். நான் சிரித்தேன், திட்டினேன், கடைசியில் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன். இந்தச் சுவடி நல்ல சுவடி என்று ஆண்டுதோறும் முத்திரை வைத்தவன் நான். பிழை என்னுடையது, தலை என்னுடையது."

குழையனார் எழுந்து தனக்கும் தெரியும் என்றார். மாலுமிகள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கும் தெரியும் என்றார்கள். அரசன் எழுந்து நின்றவர்களை எல்லாம் பார்த்தான். தன்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஆசைப்பட்டவன் அவன்தானே. தண்டிப்பதென்றால் யாரிடமிருந்து தொடங்குவது என்று அவனுக்கே தெரியவில்லை. "இனிமேல் பிள்ளைகளைச் சோதிக்கும் முன் பாட்டைத் தண்ணீரில் சோதிக்க வேண்டும், முதல் சோதனையை ஆதனாரே செய்யட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான்.

தலை தப்பி வீட்டுக்கு வந்தவரால் வீட்டில் தப்ப முடியவில்லை. நல்லினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் உங்களை ஏமாத்திப் பொழைச்சுதுங்க. என் பிள்ளை மட்டும் உங்களை நம்புச்சு."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

அலை ஓய்ந்த மாதம் வந்தது. ஆதனார் ஒரு விடியற்காலையில் திரையனின் தோணியில் ஏறினார். கையில் ஈயக்குண்டு கட்டிய அளவுகயிறு இருந்தது. அத்தனை வருடம் ஆற்றுவாயின் பாட்டை ஆராய்ந்தவர், ஆற்றுவாய்க்குப் போனது அதுதான் முதல் தடவை.

பனந்தோப்புக்கு நேரே குண்டை இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் இறக்கினார். பாதியில் நின்றது. சங்குப்பாறைக்கு முன்னால் வந்து இறக்கினார். குண்டு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் கயிறு தொய்ந்துவிட்டது. அவரால் நம்ப முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியிலிருந்து இறங்கினார். காலடியில் மணல் கெட்டியாக இருந்தது. தண்ணீர் மார்பு வரைக்கும்தான் வந்தது. பாட்டு ஆழம் என்று சொன்ன இடத்தில், ஆழம் என்று அவர் முத்திரை வைத்த இடத்தில், ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

"இவ்வளவுதானா திரையா?" என்று கேட்டார். "வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

கிழக்கே சூரியன் இன்னும் முழுசாக எழும்பவில்லை. கரையில் அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கஞ்சி குடிப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை. அதை ஒரே ஒரு காலையில் அவர் செய்திருந்தால் போதும், கீரன் வீட்டில் இருந்திருப்பான். ஆதனார் அந்தத் தண்ணீரிலேயே நின்று, மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். எவ்வளவு சொல்லியும் அவர் தோணியில் ஏறவில்லை. திரையன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இது: பாடம் மெய்தானா என்று பார்க்காமல் அந்தப் பாடத்தை வைத்துப் பிள்ளையை அளக்கிறவன், எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், தன்னை நம்பின பிள்ளைக்கே முதலில் கேடு செய்கிறான்.